கைராசிக்காரனின் பத்தொன்பது சந்தாக்கள்

சின்னவிருமனின் நாய்க்கு மாதம் இரண்டு முறை நகம் வெட்டி, ரோமம் சீவி, காது துடைத்துவிடுவது பற்றிய ஆலோசனைக்குக் கட்டணம் செலுத்தப்பட்டு வருவதாக வங்கி அறிக்கை சொன்னது. சின்னவிருமனிடம் நாய் கிடையாது. அவன் குடியிருந்த திருமங்கலத்துக் காலனியில் ஏழெட்டுத் தெருநாய்கள் திரிந்தன. அவற்றின் நகத்தை வெட்டப் போகிறவன் முதலில் தன் உயிலை எழுதிவைத்துவிட்டுப் போவது நல்லது.

விஷயம் வங்கி மூலமாக வெளியே வரவில்லை. டயாலிசிஸ் மையத்திலிருந்து வந்தது.

அவன் மனைவி பஞ்சவர்ணத்துக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டால்தான் அடுத்த மூன்று நான்கு நாளைக்கு அவளால் மூச்சு விட முடியும். ஏழைக் குடும்ப அட்டை இருந்ததால் அரசு மையத்தில் பைசா செலவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஊசி குத்துவதற்கு முன் நர்ஸ் அட்டையை இயந்திரத்தில் வைத்தாள். வழக்கமாகப் பச்சை எரியும் இடத்தில் மஞ்சள் எரிந்தது.

“அக்கா, ஒங்க கார்டு வசதிக் கார்டா மாறிருச்சு. இன்னைக்கோட சேத்து மூணு தடவதான் விடுமாம். அப்பறம் தனியார்ல பாத்துக்கிறச் சொல்லுது.”

தனியாரில் ஒரு தடவைக்கு ஒன்பதாயிரம். மாதம் எட்டுத் தடவை. சின்னவிருமனின் மாதக் கூலி அதில் பாதிக்குக்கூட வராது. அடுத்த வாரச் செவ்வாய் வரைதான் அட்டை செல்லும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமைக்கு இடம் இல்லை. பத்து நாள் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று நர்ஸ் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்து நாற்காலி இரண்டு முறை ஆள் மாறியதைப் பஞ்சவர்ணம் பார்த்திருக்கிறாள்.

முன்பெல்லாம் ஒரு குடும்பம் ஏழையா என்று பார்க்க ஆள் வருவார். வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பார், வாசலில் பைக் நிற்கிறதா என்று பார்ப்பார், ஒரு டீ குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போவார். இப்போது அந்த வேலையை ‘வாழ்நிலை அளவி’ என்றொரு மென்பொருள் செய்தது. அது டீ குடிக்காது. ஊரிலுள்ள எல்லோருடைய வங்கிக் கணக்கையும் மாதாமாதம் வாசிக்கும். யார் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று பார்த்து இவன் ஏழை, இவன் இல்லை என்று பிரித்துவிடும். வருமானத்தை மறைக்கலாம், ருசியை மறைக்க முடியாது என்பது அதைச் செய்தவர்களின் பெருமை. நாய்க்கு நகம் வெட்டுகிறவன் ஏழை இல்லை என்று அது முடிவுகட்டியதில் தப்பு சொல்ல முடியாது. மனிதர்கள் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் முடிவுகட்டியிருப்பார்கள்.

எத்தனை மாதமாக இப்படி என்று பஞ்சவர்ணம் நர்ஸிடம் கேட்டாள். பதினான்கு மாதச் செலவை வைத்து அளவி கணக்கிட்டிருப்பதாகத் திரை காட்டியது.

“பதினாலு மாசமா பணக்காரன் பொண்டாட்டியா இருந்திருக்கேன். ஒரு பய எங்கிட்டச் சொல்லலையே” என்றாள், ஊசிக்குக் கையை நீட்டியபடி.

வங்கிக் கிளையில் ஒரு மனிதராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. திருமங்கலம் கிளையில் அந்த ஒரு மனிதர் நஸ்ரின். இருபத்தேழு வயது. புதன்கிழமைகளில் பதினொன்று முதல் ஒன்று வரை ஆட்சேபணைகளைக் கேட்பாள். மற்ற நேரத்தில் ஆட்சேபணை உள்ளவர்கள் சுவரில் இருந்த பெட்டியிடம் பேசலாம். எது சொன்னாலும் அது நன்றி சொல்லும்.

சின்னவிருமன் வேலைக்குப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். நஸ்ரின் அறிக்கையைத் திரையில் விரித்தாள். வரிக்கு வரி இங்கிலீஷ் எழுத்துகள் கொத்துக் கொத்தாக நின்றன. பி.பி.எல். ஹெச்.டி. 449. க்யூ.என்.ஆர். 299. என்னவென்று யாருக்கும் விளங்கக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்கள். அவள் ஒவ்வொன்றாக அழுத்தி, அதன் பின்னால் இருக்கும் கம்பெனியைக் கண்டுபிடித்து வாசித்தாள்.

நாய் ஒன்று. குழந்தைகளுக்குப் பியானோ ஒன்று. கோல்ஃப் மட்டையை வீசும்போது இடுப்பு திரும்பும் கோணத்தைத் திருத்துவது ஒன்று. வீட்டுக்குள் ஒயின் பாட்டில் அடுக்கும் அறையின் குளிர்ச்சியைக் கண்காணிப்பது ஒன்று. அடுத்து, மாதம் ஒரு வெளிநாட்டுச் சீஸ்.

“சீஸு வீட்டுக்கு வரலையே தாயி” என்றான் சின்னவிருமன்.

சீஸ் வராது என்றாள் அவள். அதற்குத் தனி விலை. இந்த மாதம் எந்தச் சீஸைத் தின்ன வேண்டும் என்று சொல்வதற்குத்தான் சந்தா.

மொத்தம் பத்தொன்பது. அவன் ஒருமுறைகூட அறிக்கையைத் திறந்து பார்த்ததில்லை. கூலி பெட்டிக்கு இவ்வளவு என்று வருவதால் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். குறைந்த மாதங்களில் தன் முதுகுதான் தேய்ந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம், ஆனால் நிறுத்தினால் போதாது என்று நஸ்ரின் விளக்கினாள். பழைய பதினான்கு மாதமும் அவன் ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்பட்டது என்று தீர்ப்பு வந்தால்தான் அளவி தன் கணக்கைத் திருத்தும். ஒப்புதலுக்கான சான்றைத் திறந்தாள். ஒவ்வொரு சந்தாவுக்கும் இரண்டு சான்றுகள் இருந்தன. அவன் வலது உள்ளங்கை. அவன் கண். இடம், கப்பலூர் ஏழுகடல் சரக்குக் கிடங்கு. நேரம், எல்லாமே காலை ஆறு நாற்பதிலிருந்து ஏழுக்குள்.

“அந்நேரம் என்ன செய்வீங்கண்ணே?”

“லோடு ஏத்த ஆரம்பிப்போம்.”

“ஆரம்பிக்கிறதுன்னா, மொதல்ல என்ன செய்வீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க.”

அவன் எழுந்தான். அவள் மேசையை லாரியில் ஏற்றவேண்டிய பெட்டியாகப் பாவித்து, வலது கையால் தொட்டான். தொட்ட கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டான். பிறகு குனிந்து மேசையைத் தூக்கப் போனான். அவள் தடுத்தாள்.

“அண்ணே, ஒங்களுக்குக் கையில ஒரு பட்டை குடுத்திருப்பாங்கள்ல?”

“ஆமா, உள்ளங்கைல மாட்டுறது. போன வருசம் குடுத்தாங்க. அதப் போட்டுக் கம்பத்தத் தொட்டாத்தான் கேட்டு தொறக்கும்.”

“அந்தப் பட்டையப் போட்டுக்கிட்டா பெட்டியத் தொட்டுக் கும்புடுவீங்க?”

“கழட்டுனா கூலி ஏறாதே.”

நஸ்ரின் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். “அது மொதல்ல பெரிய வீடுகளுக்காகச் செஞ்ச பட்டைண்ணே. வீட்டுக்குப் பெட்டி வரும். சில பெட்டி மேல லேபிள் ஒட்டியிருக்கும். அதைத் தொட்டுட்டு உள்ளங்கையக் கண்ணுக்கு நேரா காட்டுனா அந்தச் சாமான் சம்பந்தமான சந்தா ஆரம்பிச்சிரும். கையெழுத்தக் கள்ளத்தனமாப் போடலாம், ஓ.டி.பி.யத் திருடலாம். ஒருத்தர் கைய அவர் கண்ணுக்கே வேற யாரும் கொண்டுபோக முடியாதுல்ல. அதனால பேங்கு இதத்தான் ஒசத்தியான சம்மதம்னு வச்சிருக்கு. ஒங்க குடோன்காரங்க லோடுமேனுக்குன்னு தனியாச் செய்யாம அதே பட்டைய மொத்தமா வாங்கிட்டாங்க. அதுக்கு வாங்குறவரு யாரு, தூக்குறவரு யாருன்னு தெரியாது.”

“அப்ப நாய்ச் சாப்பாட்டுப் பெட்டியத் தொட்டதுக்கு நாயா?”

“ஆமாண்ணே.”

“பியானா?”

“அதுவும் என்னைக்கோ தூக்கியிருப்பீங்க.”

தூக்கியிருக்கிறான். நினைவிருந்தது. நான்கு பேர் தேவைப்பட்டது.

பெட்டியைத் தொட்டுக் கும்பிடாத லோடுமேன் கப்பலூரில் கிடையாது. ஆனால் பத்தொன்பது சந்தா வாங்கும் அளவுக்குத் தொட்டவன் சின்னவிருமன் மட்டும்தான். காரணம், அவன் கைராசிக்காரன். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவன் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், அவன் முதல் பெட்டி வைத்த லாரி ஒரு கீறல் இல்லாமல் நாக்பூர் போய்ச் சேர்ந்தது. வேறொருவன் வைத்த லாரி சுங்கச்சாவடியிலேயே கவிழ்ந்தது. அன்றிலிருந்து எந்த லாரி வந்து நின்றாலும் முதல் பெட்டியை அவன்தான் தொட வேண்டும் என்று கூட்டம் முடிவுசெய்துவிட்டது. காய்ச்சலாக இருந்த நாள்களில்கூட ஆட்டோ அனுப்பிக் கூப்பிட்டு, ஒரு தொடு தொட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்படி ஒரு நாள் ஆட்டோ சவாரியில் அவனுக்கு ஒயின் அறைக் குளிர்ச்சி வந்து சேர்ந்திருந்தது. தேதி சரியாகப் பொருந்தியது.

மறுநாள் கிடங்கில் சொன்னபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் அறிக்கையைத் திறந்தார்கள். சிரிப்பு நின்றது. நாற்பத்தாறு வயதுப் பிரம்மச்சாரி காசிமாயன் தன் குழந்தையின் முதலாண்டு வளர்ச்சியைப் பதினோரு மாதமாகக் கவனித்து வந்திருந்தான். குழந்தை எடை குறைவாக இருப்பதாக அவனுக்கு இரண்டு முறை எச்சரிக்கை வந்திருக்கிறது. தாய்மாமன் முறைக்கு யாரைக் கூப்பிடப்போகிறாய் என்று மற்றவர்கள் அவனைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள்.

இனிமேல் யாரும் கண்ணில் ஒற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அரைமணி நேரம் தாங்கியது. கை தானாகப் போனது. முப்பது வருடம் பழகிய கை அது, தீர்மானத்தைக் கேட்டுப் பழகவில்லை. கடைசியில் பேருந்து நிலையத்தில் நாற்பது கூலிங் கிளாஸ் வாங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழுகடல் கிடங்கில் கறுப்புக் கண்ணாடி போட்ட நாற்பது பேர் பெட்டி தூக்கினார்கள். பார்த்த லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் கண்வலி என்று நினைத்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணத்தின் இரண்டாவது தடவை முடிந்தது.

திங்கட்கிழமை விசாரணை வைத்தார்கள். வங்கிக் கிளையின் பின்னறையில் ஒரு மேசை. ஒரு பக்கம் சின்னவிருமன், அவன் பக்கத்தில் பஞ்சவர்ணம். எதிர்ச் சுவரில் ஏழுகடல் கம்பெனியின் வக்கீல் வித்யாசாகர், சென்னையிலிருந்து திரையில். நடுவில் தீர்ப்பு சொல்லும் மென்பொருள். அதற்கு ‘நடுவம்’ என்று பெயர். அந்தக் காலத்து வானொலிச் செய்தி வாசிப்பாளரைப் போல அட்சர சுத்தமாகப் பேசும். நஸ்ரின் ஓரத்தில் குறிப்பெடுத்தாள்.

வித்யாசாகர் மரியாதையான மனிதர். பெரியவரின் பக்தியைத் தான் மதிப்பதாகச் சொல்லி ஆரம்பித்தார். பக்தி இருக்கும் இடத்தில் மனம் ஒப்பாமல் எதுவும் நடக்காது என்று அதிலிருந்தே ஒரு வாதத்தை எடுத்தார். கம்பெனியின் வடிவமைப்பாளர்கள் இதே கப்பலூரில் மூன்று மாதம் தங்கி, தொழிலாளர்கள் இயல்பாக என்ன செய்கிறார்கள் என்று கவனித்துத்தான் கிடங்குக்கு இந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்தார்களாம். புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கத் தேவைப்படவில்லையாம். எளிமையான வடிவமைப்புக்காக ஒரு விருதுகூட வந்ததாம். இதை அவர் பெருமையாகவே சொன்னார். நஸ்ரின் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

நடுவம் சின்னவிருமனிடம் கேட்டது. “மனுதாரர் பெட்டியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்ளும்போது அச்செயலின் நோக்கம் என்ன?”

இதுவரை யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. 

“நோக்கம்னா... பெட்டி கால்ல விழுந்துறக் கூடாது. இடுப்புப் புடிச்சுக்கிறக் கூடாது. காலைல வந்த ஆளு சாயங்காலம் அதே மாதிரி வீட்டுக்குப் போகணும். அம்புட்டுத்தான்.”

“அது பெட்டியிடம் வைக்கப்படும் கோரிக்கையா?”

“அப்பிடித்தான் வச்சுக்கங்களேன்.”

கோரிக்கை என்பது ஒப்பந்தத்தின் முதல் படி என்று வித்யாசாகர் உடனே குறித்துக்கொள்ளச் சொன்னார். பெட்டி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு, மனுதாரர் இன்றுவரை இடுப்போடு இருப்பதே சான்று என்றார்.

அதன் பிறகுதான் அவர் கையில் இருந்த துருப்புச் சீட்டை எடுத்துப் போட்டார். கிடங்கின் வாசலில் வருகைப் பதிவுக்கும் இதே முறைதான். கம்பத்தைத் தொட்டு, பட்டையைக் கண்ணுக்குக் காட்டினால் அன்றைய வேலைக்கு ஆள் சம்மதித்து உள்ளே வந்ததாகக் கணக்கு. கூலி அதை வைத்துத்தான் ஏறுகிறது. தொடுவதும் கண்ணில் வைப்பதும் சம்மதம் இல்லை என்று மனுதாரர் சொன்னால் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டும். அப்படியென்றால் பதினான்கு மாதமும் அவர் வேலை செய்யச் சம்மதிக்கவே இல்லை. செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பித் தர வேண்டும்.

“ஒன்று, பத்தொன்பது சந்தாவும் உங்களுடையது. அல்லது, நீங்கள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பெரியவரே” என்றார்.

வாதம் பொருத்தமாக இருப்பதாக நடுவம் சொன்னது.

 நாய் வளர்க்கும் பணக்காரனாக இருந்தால் பொண்டாட்டி பிழைக்க மாட்டாள். வேலையே செய்யாதவனாக இருந்தால் பதினான்கு மாதக் கூலியை எங்கே போய்ப் பொறுக்குவது? சின்னவிருமன் நஸ்ரினைப் பார்த்தான். அவள் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள் பஞ்சவர்ணம்.

பேசுபவர் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றது நடுவம்.

“நாந்தான் அந்த நாய் வளக்குறவரு பொண்டாட்டி.” முழங்கையில் ஊசிக் கட்டு இருந்த கையை மேசைமேல் வைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரரு பதினாலு மாசமும் ஒத்துக்கிடாமத்தான் பெட்டி தூக்குனாருன்னு இந்த ஐயா சொல்றாரு. சரி, அப்பிடியே வச்சுக்கிருவோம். ஒத்துக்கிடாத ஆளக் கேட்டப் பூட்டி உள்ள வச்சு வேல வாங்குனா அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியும். நான் செங்கச் சூளையில பெறந்தவ. எங்கப்பன் ஆயிரம் ரூவா முன்பணத்துக்கு எட்டு வருசம் அங்கன கெடந்தாரு. ஒருநா கலெக்டரு ஜீப்புல வந்து எங்களக் கூட்டிட்டுப் போனாரு. போகும்போது ஒரு காயிதம் குடுத்தாரு. அதுல எழுதியிருந்துச்சு, கொத்தடிமைன்னு. நான் படிச்ச மொத வார்த்த அதுதான்.”

நடுவம் நான்கு விநாடி பேசவில்லை. அதற்கு நான்கு விநாடி என்பது நமக்கு நான்கு வருடம்.

“குற்றச்சாட்டு பதிவாகியுள்ளது. சட்டப்படி இத்தகவல் அறுபது நிமிடங்களில் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பப்படும். இடைப்பட்ட நேரத்தில் இருதரப்பும் சமரசம் செய்துகொள்ளத் தடை இல்லை.”

வித்யாசாகர் பத்து நிமிட இடைவேளை கேட்டார். திரை இருண்டது. பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. நஸ்ரின் டீ வரவழைத்தாள். பஞ்சவர்ணத்துக்கு ஒரு நாளைக்கு அளந்துதான் தண்ணீர் குடிக்க அனுமதி. அவள் பாதி டீயைப் புருஷன் தம்ளரில் ஊற்றினாள்.

திரும்பி வந்த வித்யாசாகர் முன்னைவிட மரியாதையாக இருந்தார். ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பத்தொன்பது சந்தாவும் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டவை என்று கம்பெனி ஏற்றுக்கொள்ளும். அளவிக்குத் தகவல் போகும், வியாழக்கிழமைக்குள் அட்டை பச்சையாகிவிடும். கூலியையும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஏனென்றால் அது கூலியே இல்லை. சம்மதம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் கொத்தடிமையும் இல்லை. பதினான்கு மாதமாக அவன் கணக்கில் ஏறிய பணம், கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட கருணைத்தொகை.

நஸ்ரின் காகிதத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். சின்னவிருமன் எழுத்துக்கூட்டி வாசித்தான். மேற்படி காலத்தில் அவன் கிடங்கில் எந்த வேலையும் செய்யவில்லை. செய்ததாக எவரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் சமரசம் ரத்தாகும், சந்தாக்கள் மீண்டும் அவன் பெயருக்கு வரும்.

அவன் காகிதத்தைக் கீழே வைத்தான்.

“ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி. அதெல்லாம் தானா எந்திரிச்சு லாரியில ஏறிக்கிருச்சாக்கும்?”

“ஏற்றப்பட்டன என்று ஆவணத்தில் இருக்கிறது. யாரால் என்று இல்லை” என்றார் வித்யாசாகர். கேலியாகச் சொல்லவில்லை. விவரமாகச் சொன்னார்.

பிச்சைக்காசு என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறீர்களே, இதைவிட நாய்க்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றான் சின்னவிருமன். குரல் உயரவில்லை. அவன் அப்பா மூட்டை தூக்கினவர், தாத்தா மூட்டை தூக்கினவர். அந்தக் குடும்பம் எதையும் சும்மா வாங்கித் தின்றதில்லை என்பது ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த சொத்து. அதன்மேல் கை வைப்பார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

இன்னும் பதினெட்டு நிமிடம் இருப்பதாக நடுவம் நினைவூட்டியது.

நஸ்ரின் திரைக்குக் கேட்காதபடி அவன் பக்கம் குனிந்தாள். “கையெழுத்துப் போடாம விட்டீங்கன்னா கேஸ் கலெக்டர்கிட்டப் போகும்ணே. நியாயம் ஒங்க பக்கம் இருக்கு. நான் சாட்சி சொல்லுறேன். ஆனா விசாரணை முடிய ஏழெட்டு மாசம் ஆயிரும்.”

“கார்டு?”

“அதுவரைக்கும் மஞ்சள்தான்.”

அவன் பஞ்சவர்ணத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.  அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“நீ தூக்குனியா இல்லையான்னு எனக்குத் தெரியும்யா. அம்புட்டு நாளும் முதுகுக்கு ஒத்தடம் குடுத்தவ நான். இவனுக எழுதுனா எழுதிட்டுப் போறானுக. போடு.”

போட்டான். பேர் எழுத அவனுக்கு நேரம் பிடித்தது. ஆட்சியருக்குப் போகவிருந்த தகவல் ஏழு நிமிடம் மிச்சமிருக்க நிறுத்தப்பட்டது. ஒத்துழைத்த இருதரப்புக்கும் நடுவம் நன்றி சொன்னது.

வியாழக்கிழமை மாலை அட்டை பச்சையானது. வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணம் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பணக்கார வாழ்க்கை அலுத்துப்போச்சு, அதான் திரும்பி வந்துட்டேன் என்று நர்ஸிடம் சொன்னாள்.

சின்னவிருமன் கிடங்குக்குத் திரும்ப முடியவில்லை. அவன் தொடுவது செல்லாது என்று ஆகிவிட்டதால் பட்டை அவன் கையை ஏற்கவில்லை, கேட்டும் திறக்கவில்லை. கப்பலூரில் எல்லாக் கிடங்கிலும் இப்போது அதே பட்டைதான். காசிமாயன் மட்டும் கேட்டுக் கம்பி வழியாக இரண்டு வார்த்தை பேசினான். கூலிங் கிளாஸ் போட்டு வேலை செய்வது பாதுகாப்புக்கு ஆபத்து என்று கம்பெனி சுற்றறிக்கை விட்டிருந்ததாம். வேண்டுமென்றால் கம்பெனியே கண்ணாடி தருமாம். மாத வாடகைக்கு.

அடுத்த மாதம் ஏழுகடலின் ஆண்டு மலர் வெளிவந்தது. நஸ்ரின் அதன் ஒரு பக்கத்தை அவனிடம் காட்டினாள். ‘கருணைக் கரம்’ என்ற தலைப்பின் கீழே சின்னவிருமனின் முகம். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அடையாள அட்டைப் படம். சட்டையில் இருந்த கம்பெனிச் சின்னத்தை மட்டும் அழித்திருந்தார்கள். இனி அவன் அட்டையை எந்த அளவியும் தொட முடியாது, வருமானமே இல்லாதவன் என்று ஆவணப்படி நிரூபணமாகிவிட்டது என்று நஸ்ரின் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவள்போல அந்தப் பக்கத்தை மூடினாள்.

மதுரைக் கீழமாரட் வீதியில் வெங்காய மண்டிகளில் இன்னும் பட்டை வரவில்லை. வெங்காயச் சாக்கில் லேபிள் ஒட்டினால் நிற்காது. விடிந்ததும் சின்னவிருமன் முதல் பஸ்ஸில் போய் அங்கே நின்றான். சோலையப்பன் என்ற மேஸ்திரி, காதில் பென்சில் செருகியவர், அவனை மேலும் கீழும் பார்த்தார். வயதைக் கேட்டார். ஐம்பத்தொன்று என்றான். யோசித்தார்.

“இதுக்கு முன்னாடி எங்கன வேல பாத்த?”

“மொதல்ல கப்பலூர் குடோன்லண்ணே.”

“கடைசி ஒரு வருசமா?”

பக்கத்தில் லாரியிலிருந்து சாக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. சின்னவிருமன் அந்தப் பக்கம் பார்த்தான்.

“சும்மா இருந்தேன்.”

சோலையப்பன் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் வந்தார். சட்டைக் காலரை ஒரு விரலால் இறக்கிப் பார்த்தார். பிடரிக்குக் கீழே தோல் கறுத்துத் தடித்து, செருப்பின் அடித்தோல் மாதிரி காய்த்துப்போயிருந்தது. ஓரத்தில் ஒரு வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

“சும்மா இருந்தவன் கழுத்தாடா இது?” என்றார்.

 சின்னவிருமன் துண்டைச் சும்மாடாகச் சுற்றிப் பிடரியில் வைத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் போய்க் குனிந்து நின்றான்.